கைப்பெட்டியும் வீட்டுத் திரையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் சிறிது நேரம் பேச வேண்டுமென்று நம் செயலாளர் என்னைக் கேட்டபோது, சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். அவற்றைப் பேசுவதற்குத் தகுதி வாய்ந்தோர் இவ்வவையில் பலர் உளர். நான் 34 ஆண்டுகள் தணிக்கை அலுவலகத்தில் பிறர் எழுதிய கணக்கைப் பார்த்துக் குறை கூறியவன். ஆதலின் இன்று ஒரு கணக்குப் பிழையைப் பற்றியே பேச விரும்புகிறேன். அப்பிழை என் வீட்டில், ஒரு விளையாட்டுப் பொறியின் காரணமாக நேர்ந்தது. பிழை செய்தவன் நானே. விளையாட்டுப் பொறி என்றவுடன் பெரியவர்கள் முகஞ் சுளிக்க வேண்டா. குழந்தைகள் மட்டுமாவது கேட்பார்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

ஜப்பான் நாட்டில் கியோட்டோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்வதற்கென்று தொடங்கப்பட்ட நிறுவனம் நிண்டெண்டோ. அந்நிறுவனத்தில் 1965-ஆம் ஆண்டு, இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய் என்பவர். புகைவண்டியில் தம்முடன் பயணஞ் செய்த ஒருவர், பொழுது போகாமல் கணக்கிடும் சிறு கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டே கையடக்க விளையாட்டுக் கருவி செய்யும் எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்வார்கள். 1980-இல் அத்தகைய சிறு கருவிகள் வெளிவந்தன. 1989-இல், அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 'கேம் பாய்' என்ற கைப்பெட்டியை உருவாக்கினர்.

புதிய, விலையுயர்ந்த உறுப்புகளை நாடாமல், நன்கு பழகி மலிவாகிப்போன உறுப்புகளைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோய் அவர்களின் கொள்கை. ஆகவே கேம் பாய்க்கு வண்ணம் இல்லை. பாசி படிந்த பச்சை நிறத் திரையில் நான்கே சாயல்கள். திரையின் அகலம் 5 சென்டிமீட்டருக்கும் குறைவு; அதில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். உள்ளிருந்து ஒளி தரும் விளக்கும் கிடையாது. வெளிச்சத்தில் காட்டித்தான் பார்க்க வேண்டும். அக்காலத்தில் போட்டியாக வந்த வண்ணத்திரைக் கைப்பெட்டிகள் ஆறு பென்சில் செல்களைச் சில மணி நேரத்தில் விழுங்கித் தீர்த்தன. இதுவோ நான்கு செல்களைக் கொண்டு நாள் முழுவதும் உழைத்தது. சிக்கனம் வென்றது என்று தணிக்கைக்காரன் மகிழ்ந்து சொன்னால் பொறுத்தருள வேண்டும்.

நிற்க. 1994-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் என் மகனுக்கு ஒரு கேம் பாய் கொண்டுவந்து கொடுத்தார். அப்போது நாங்கள் செம்பூரில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை. எங்கள் இருவரோடு இரண்டு குழந்தைகளும் என் தாயாரும். மூத்தவனுக்கு வயது 12, இளையவளுக்கு 9. பெட்டியுடன் வந்த விளையாட்டு 'டெட்ரிஸ்'. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்னும் அறிஞர் இயற்றியது அது. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைக் கட்டைகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழும். அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். போகப் போக வேகம் மிகும். இவ்வளவே. பின்னணியில் 'கொரொபெய்னிகி' என்னும் ருஷ்ய நாட்டுப் பாடல் ஒலிக்கும். சில மாதங்களில் அந்த மெட்டு எங்கள் வீட்டில் சுப்ரபாதத்துக்கு அடுத்த இடத்தைப் பெற்றுவிட்டது.

கைப்பெட்டியின் இயல்பு ஒன்று உண்டு. அது ஒருவருக்கே உரியது. அண்ணன் ஆட, தங்கை அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பாள். "அண்ணா, ஒரு ஆட்டம்" என்பாள். "செல் தீர்ந்துவிடும்" என்பான். பெட்டி அவனுக்கு வந்த பரிசு; நானும் குறுக்கிடவில்லை. அச்சிறு திரையைச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. ஆகவே அவள் ஓராண்டுக்கு மேல் ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதே மிகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மைத்துனர் மீண்டும் வந்தார். இம்முறை தம் வீட்டில் பயன்படாமல் கிடந்த 'சூப்பர் நிண்டெண்டோ' என்னும் பெரிய பொறியையும் கொண்டுவந்தார். அது தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடுவது. அதனுடன் 'சூப்பர் கேம் பாய்' என்ற ஓர் இணைப்பும் இருந்தது. 1994-இல் வெளிவந்த அந்த இணைப்பைப் பெரிய பொறியின் தலையிலே செருகி, கைப்பெட்டியின் விளையாட்டு வில்லையை அவ்விணைப்பின் தலையிலே செருகினால், கையில் ஆடிய ஆட்டம் தொலைக்காட்சித் திரையில் தோன்றும். "பாப்பாவுக்கும் ஒன்று வேண்டாமா அத்திம்பேர்?" என்றார். அவர் கண்ணுக்குப் பட்டது என் கண்ணுக்குப் படவில்லை.

மும்பையில் அதை ஓட்டுவது எளிதாக இல்லை. அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட். நம்முடையது அதற்கு ஏறக்குறைய இருமடங்கு. லேமிங்டன் சாலையில் மின்னழுத்தம் குறைக்கும் பெட்டியொன்றை வாங்கினேன். இன்னொரு தடையும் இருந்தது. அமெரிக்காவில் தொலைக்காட்சி வண்ணங்களை அனுப்பும் முறை வேறு, நம் நாட்டு முறை வேறு. நம்முடையதற்குப் 'பால்' என்று பெயர். காலையில் வாசலுக்கு வருவது அன்று. எங்கள் பழைய பெட்டி நம் முறையை மட்டும் அறிந்தது. ஆகவே படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது. வேடிக்கையைப் பாருங்கள்! வண்ணமில்லாத கேம் பாய் விளையாட்டுக்கு வண்ணம் பூசித் தருவது சூப்பர் கேம் பாயின் பெருமைகளுள் ஒன்று. அவர்கள் பூசிய வண்ணத்தை எங்கள் பெட்டி துடைத்துவிட்டது.

ஆயினும் அன்று மாலை எங்கள் வீடு மாறிற்று. கண்ணில் புரை விழுந்திருந்த என் தாயார், கைப்பெட்டியை ஒருநாளும் பார்த்தறியாதவர், நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நீளமான கட்டைக்குக் 'கோல்' என்று பெயரிட்டார். "கோல் வரது, கோல் வரது, ஓரத்தை மூடிடாதேடி!" என்று கூவுவார். அடுத்த வீட்டு மராத்திய அம்மையாரும் வந்து அமர்வார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. 'கோல்' என்ற சொல் மட்டும் பொதுவாயிற்று. கடிதத்தைத் தனியே படிப்பதற்கும், திண்ணையில் அமர்ந்து எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. எழுத்து ஒன்றே, ஆனால் கேட்பவர் வந்தவுடன் அது வேறு பொருளாகிவிடுகிறது. இரண்டு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடத்தான் வழியில்லை. இரு கைப்பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்து ஆடுவது டெட்ரிஸின் முறை; அக்கம்பியைச் செருகும் துளை இந்த இணைப்பில் வைக்கப்படவில்லை. ஆகவே ஒருவர் ஆட, மற்றவர் பார்ப்பது என்றாயிற்று.

அந்த இணைப்பு வேலை செய்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சிறிய பெட்டியின் ஆட்டத்தைப் பெரிய பொறி தானே ஆடிக்காட்டியது என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தவறு. இரண்டின் உட்கருவிகளும் வேறு வேறு கட்டளை மொழிகளைப் பேசுபவை. ஒன்றின் கட்டளையை மற்றொன்று அவ்வப்போது மொழிபெயர்த்து நடத்துவதானால் பன்மடங்கு வேகம் வேண்டும். சூப்பர் நிண்டெண்டோவுக்கு அவ்வளவு ஆற்றல் இல்லை. ஆகவே திரையையும் செல்லையும் பொத்தானையும் நீக்கிவிட்டு, கேம் பாயின் மூளை முழுவதையும் அந்த இணைப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். ஆட்டத்தை நடத்துவது உள்ளிருக்கும் கேம் பாய். அது தரும் படத்தை வாங்கி வண்ணம் பூசித் திரையில் இடுவது மட்டுமே பெரிய பொறியின் வேலை. பெரிய பொறியின் படப்பரப்பு 256-க்கு 224 புள்ளிகள். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகள் கோணும். ஆகவே அதை நடுவில் அப்படியே வைத்து, சுற்றிலும் ஓவியச் சட்டம் ஒன்றை இட்டார்கள். கணக்கிட்டால், பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ஆட்டம், மீதி சட்டம். தஞ்சாவூர்ப் படம்போல இருக்கிறது என்பார் என் தாயார்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

1996-ஆம் ஆண்டு மே மாதம் ஊருக்குச் செல்ல ஏற்பாடாகியிருந்தது. தாதரிலிருந்து சென்னைக்கு ஓர் இரவும் பகலும் ரயில், அங்கிருந்து கும்பகோணம். பயணத்தின்போது கேம் பாய் யார் கையில் இருப்பது என்ற சண்டை எழுந்தது. நான் ஒரு போட்டி வைத்தேன். அவன் கைப்பெட்டியில் ஆடட்டும். அவள் திரையில் ஆடட்டும். ஒரே வில்லைதான், காலையில் அவனுக்கு, மாலையில் அவளுக்கு. டெட்ரிஸ் வில்லையில் மதிப்பெண்ணைச் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்துவிடும். ஆகவே நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தேன். மாத முடிவில் மிகுதியான எண் பெற்றவர் ரயிலில் பெட்டியை வைத்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் கணக்கு இது: மகன் 1,06,420, மகள் 1,04,980. வேறுபாடு 1,440.

மகள் அழவில்லை. "அப்பா, டிவியில் கட்டைகள் வேகமாக விழுகின்றன. இரண்டும் ஒரே ஆட்டம் இல்லை" என்றாள். மகன் நகைத்தான். "டிவியில்தான் படம் பெரிது, தெளிவு. என் பெட்டியில் கட்டை நகர்ந்தால் நிழல் ஒட்டிக்கொள்கிறது. அவளுக்குத்தான் வசதி அதிகம்" என்றான். அதுவும் மெய்யே. கேம் பாயின் திரை நகர்வதைக் காட்டும்போது மங்கும். நான் அதை ஏற்றுக்கொண்டேன். மகளிடம், "வேகம் என்று எதைக்கொண்டு சொல்லுகிறாய்?" என்று கேட்டேன்.

"பாட்டைக் கேட்டுச் சொல்லுகிறேன். டிவியில் சுருதி ஏறியிருக்கிறது" என்றாள்.

அவள் அப்போது மாதுங்காவில் ஓர் அம்மையாரிடம் பாட்டுக் கற்றுவந்தாள். அன்று அடுத்த வீட்டார் உட்பட எல்லாரும் அறையில் இருந்தார்கள். நான் ஒரு சொல் சொன்னேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நீ சுருதி கோணல் என்கிறாய்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் மகன் கைப்பெட்டியோடு சன்னலருகே அமர்ந்தான். மகள் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து வந்தாள். ஊரிலிருந்து திரும்பியபின் அவள் அந்த ஆட்டத்தைத் தொடவில்லை. பாடம் மிகுதி என்றாள். பாட்டி மட்டும் இரண்டொரு முறை, "கோல் எங்கேடி?" என்று கேட்டுப் பார்த்தார். இரண்டாண்டுகள் கழித்து, இரு முறைகளையும் ஏற்கும் புதிய தொலைக்காட்சிப் பெட்டியை வாங்கினோம். அந்த ஓவியச் சட்டம் வண்ணத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க அவள் எழுந்து வரவில்லை.

பல ஆண்டுகள் சென்றன. அந்நிறுவனமும் இதே எண்ணத்தைக் கைவிடவில்லை. 2003-இல், 'கேம்க்யூப்' என்ற பொறியின் அடியில் பொருத்தும் வேறோர் இணைப்பை வெளியிட்டது. கேம் பாயின் அடுத்த தலைமுறைக் கைப்பெட்டியின் உறுப்புகள் அதனுள் இருந்தன. 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' என்னும் பொறியிலோ கைப்பெட்டி, வீட்டுப்பொறி என்ற பிரிவே மறைந்தது. கையில் வைத்து ஆடலாம். தாங்கியில் வைத்தால் அதே ஆட்டம் தொலைக்காட்சிக்குப் போய்விடும். என் மகளின் மகனிடம் அது இருக்கிறது. பழைய கேம் பாய் ஆட்டங்களையும் 2023 முதல் அதில் ஆட வழி செய்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அவன் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, எங்கள் பரணிலிருந்த பழைய பெட்டியைக் கண்டு மகிழ்ந்து, அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தான். ஒருநாள் உணவு உண்ணும்போது, "தாத்தா, சூப்பர் கேம் பாய் கொஞ்சம் வேகமாக ஓடும், உங்களுக்குத் தெரியுமா?" என்றான்.

என் கைச்சோறு கையிலேயே நின்றது.

அவனை உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன். கேம் பாய்க்குள் நாடித்துடிப்புப் போன்ற ஓர் அலைவு உண்டு. அதுவே ஆட்டத்தின் வேகத்தையும் பாட்டின் சுருதியையும் நடத்துகிறது. அது நொடிக்கு ஏறக்குறைய 41,94,000 துடிப்பு. சூப்பர் கேம் பாய்க்கோ தனக்கெனத் துடிப்பு இல்லை. பெரிய பொறியின் துடிப்பை ஐந்தால் வகுத்து எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பொறியின் துடிப்பு நொடிக்கு 2,14,77,000. ஐந்தால் வகுத்தால் 42,95,400. தாளில் நானே வகுத்துப் பார்த்தேன். மிகுதி 2.4 விழுக்காடு. கைப்பெட்டியில் 100 நொடியில் நிகழ்வது திரையில் 98 நொடிக்குள் நிகழ்ந்துவிடுகிறது. ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே அதிர்வு ஏறக்குறைய 6 விழுக்காடு மிகும். 2.4 என்பது அதில் பாதிக்குச் சற்றே குறைவு. சுருதிப்பெட்டியோடு பாடிப் பழகிய செவிக்கு அது நன்றாகவே கேட்கும். ஓராண்டுக்கு மேல் அண்ணனின் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்த செவிக்குக் கேட்காமல் என்ன செய்யும்? 1998-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த இரண்டாம் சூப்பர் கேம் பாயில் தனித் துடிப்பை வைத்து வேகத்தைச் சரிசெய்துவிட்டார்கள் என்றும், கம்பி செருகும் துளையையும் சேர்த்தார்கள் என்றும் பேரன் சொன்னான். அவர்கள் 4 ஆண்டுகளில் திருத்திக்கொண்டார்கள். எனக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன.

வேகம் ஒத்திருந்தால் அவள் வென்றிருப்பாள் என்று நான் துணிந்து கூறமாட்டேன். திரையின் தெளிவு அவளுக்கு உதவியது; வேகம் அவளுக்குத் தடையாயிற்று. இரண்டையும் எடைபோட்டு 1,440 புள்ளிகளை எப்பக்கம் சேர்ப்பது என்று தீர்க்க எந்தக் கணக்கனாலும் இயலாது. ஆனால் ஒன்று உறுதி. மகன் கூறிய சாட்சியை ஏடேற்றினேன். மகள் கூறியதைச் சிரித்துத் தள்ளினேன். இரு பெட்டிகளையும் அருகருகே வைத்து, வில்லையை மாற்றி மாற்றிச் செருகி, பாட்டை இரண்டு முறை கேட்டிருந்தால் போதும். பத்து நிமிட வேலை. வரவை எழுதிச் செலவை விட்ட கணக்கை என் அலுவலகத்தில் எவரேனும் கொண்டுவந்திருந்தால், சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அன்றிரவே மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவளுக்கு வயது நாற்பது. ஒரு பள்ளியில் இசையாசிரியையாக இருக்கிறாள். "அம்மா, 1996-ஆம் வருஷம் நீ சுருதி ஏறியிருக்கிறது என்று சொன்னது சரிதான். உன் பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினான்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைச்சல், இல்லையா அப்பா?" என்றாள்.

பிறகு, "அந்த நோட்டு இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இருந்தது. தணிக்கைக்காரன் வீட்டில் நோட்டு எங்கே போகும்? மே மாதப் பக்கத்தைப் புரட்டி, 1,04,980-க்கு எதிரே, 'வாதியின் முறையீடு உண்மை. முந்தைய தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது' என்று சிவப்பு மையில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் வைத்தேன். பேரன் அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். டெட்ரிஸ் வில்லையும் பரணிலிருந்து இறங்கிவிட்டது. சேமிப்புக்கென உள்ளே பாட்டரி இல்லாத வில்லை ஆதலால் தீர்ந்துபோவதற்கு அதில் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வரும்போது தான் ஆடப் போவதாகச் சொன்னாள். வந்தாள்; ஆடினாள். திரையில்தான் ஆடினாள். பக்கத்தில் என் தாயாரின் நாற்காலி கிடந்தது. நீளக் கட்டை வந்தபோதெல்லாம் 'கோல்' என்று கூவும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

"அண்ணாவிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று மட்டும் ஊருக்குப் புறப்படும்போது கேட்டாள். இன்னும் சொல்லவில்லை. அவன் கனடாவில் இருக்கிறான். நம் சங்க மலரை ஆண்டுதோறும் அவனுக்குத் தபாலில் அனுப்புவது என் வழக்கம். இவ்வுரையும் அதில் அச்சாகும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார்.